திருகோணமலையின் ஈரக்காற்றில் புரோத்தன் கடத்தும் பீங்கான் வில்லை செய்யும் முறை

ஆடி மாதக் கச்சான் காற்றில் திருகோணமலையில் நன்றாக வந்த ஒரு பீங்கான் வில்லை, அதே செய்முறையை வரிக்கு வரி பின்பற்றினாலும் மார்கழி மாரியில் அப்படியே வந்துவிடாது. எரிபொருளிலிருந்து நேரே மின்னை உண்டாக்கும் எரிபொருட்கலத்துக்குரிய, புரோத்தனை (ஐதரசன் கருவை) கடத்தும் மின்பகுபொருட்களைப் பொறுத்தவரை இது சிறிய விடயமன்று. ஏனெனில் இப்பொருளுக்கு உயிர் கொடுப்பதும் நீராவிதான், தவறான நேரத்தில் சேர்ந்தால் அதை உதிர்த்துக் கொட்டுவதும் நீராவிதான். ஆய்விதழ்களில் “தூள்கள் கலக்கப்பட்டு, அமுக்கப்பட்டு, சுடப்பட்டன” என்று ஒரு வரியில் முடிந்துபோகும் வேலையை, கடலோர ஊரொன்றின் ஆய்வுகூடத்தில் முதன்முறையாகச் செய்யப்போகும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் உதவும்படி இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். பேரியம் சிர்க்கோனேற்று, பேரியம் சீரேற்று ஆகிய இரண்டும் பெரோவ்ஸ்கைட்டு என்னும் பளிங்கமைப்பைக் கொண்டவை. இவற்றில் நான்கு நேரேற்றமுடைய சிர்க்கோனியம் அல்லது சீரியம் இருக்க வேண்டிய இடங்கள் சிலவற்றில் மூன்று நேரேற்றமுடைய யித்திரியத்தை வைத்தால், ஏற்றச் சமநிலைக்காக இரண்டு யித்திரியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒட்சிசன் இடங்கள் வெறுமையாகும். நீராவி மூலக்கூறு ஒன்று பளிங்கினுள் நுழையும்போது அதன் ஒட்சிசன் அந்த வெற்றிடத்தில் அமர்ந்துகொள்ள, அதனோடு வந்த இரண்டு புரோத்தன்களும் அருகிலுள்ள ஒட்சிசன்களைப் பற்றிக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்கின்றன. ஜப்பானிய அறிஞர் இவஹாராவும் அவரது குழுவினரும் 1981இல் ஸ்திரோந்தியம் சீரேற்றில் உயர் வெப்பநிலையில் இதைக் காட்டியதிலிருந்துதான் இத்துறை வளர்ந்தது. புரோத்தன் தாவுவதற்கு வேண்டிய ஏவற்சக்தி ஏறத்தாழ 0.4 முதல் 0.5 இலத்திரன்வோல்ற்று மட்டுமே என்பதால், ஒட்சைட்டு அயனைக் கடத்தும் வழமையான சிர்க்கோனியாவுக்கு 800 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டியிருக்க, இது 500 முதல் 600 பாகையிலேயே நன்கு வேலை செய்கிறது. நீர் காற்றுப் பக்கத்து மின்வாயில் உண்டாவதால் எரிபொருள் ஐதாவதில்லை என்பது இன்னொரு நன்மை.

இனிச் சேர்வையைத் தெரிவுசெய்வோம். சீரியம் கூடினால் சுடுவது இலகு, கடத்துதிறனும் கூடும். ஆனால் ஈரப்பதனும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து பொருளைத் தாக்கிப் பேரியம் காபனேற்றாகவும் சீரியம் ஒட்சைட்டாகவும் பிரித்துவிடும். சிர்க்கோனியம் கூடினால் பொருள் உறுதியாக நிற்கும். ஆனால் துணைப்பொருள் எதுவுமின்றி அதை அடர்த்தியாகச் சுட 1,600 பாகைக்கு மேல் வேண்டும், வில்லையை ஆக்கும் நுண்ணிய பளிங்கு மணிகளுக்கிடையிலான எல்லைகளும் புரோத்தனை மறிக்கும். நான் தொடக்கத்தில் கடத்துதிறனை மட்டுமே பார்த்து, சிர்க்கோனியமே இல்லாத யித்திரியம் கலந்த சீரேற்று வில்லைகள் ஆறு செய்தேன். அவற்றைப் பொலித்தீன் பையிலிட்டு யன்னலோர அலுமாரியில் வைத்துவிட்டு, மழை விடுமுறை கழிந்து வந்து பார்த்தபோது நான்கின் விளிம்புகள் வெண்மாவாக உதிர்ந்திருந்தன. ஐந்தாவதை இடுக்கியால் தூக்கியபோது இரண்டாகப் பிளந்தது. ஆகவே இவ்வூரில் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது நடுவழிச் சேர்வை: பேரியம் 1 பங்கு, சிர்க்கோனியம் 0.4, சீரியம் 0.4, யித்திரியம் 0.2, ஒட்சிசன் 2.9. இதன் மூலர்த் திணிவு 294.04 கிராம். இதுவும் ஈரத்தை முற்றாக வென்றதன்று, ஆயினும் கவனமாகக் கையாண்டால் தாக்குப்பிடிக்கும்.

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். நமது மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, உரூட்டைல் ஆகியவற்றோடு சிர்க்கோனும் கிடைக்கிறது, சிறிதளவு மொனசைற்றும் உண்டு. சிர்க்கோனில் சிர்க்கோனியமும் மொனசைற்றில் சீரியமும் இருக்க, ஏன் வெளியிலிருந்து தூள் வாங்க வேண்டும் என்பார்கள். சிர்க்கோன் என்பது சிர்க்கோனியம் சிலிக்கேற்று. அதிலுள்ள சிலிக்கா சிறிதளவு எஞ்சினாலும் பேரியத்தோடு கூடி மணியெல்லைகளில் கண்ணாடிபோலப் படிந்து கடத்துதலைக் கெடுத்துவிடும். மொனசைற்று பொசுபேற்றுக் கனியம். அதில் தோரியம் இருப்பதால் கதிரியக்கப் பாதுகாப்பு இல்லாமல் கையாளக் கூடாது. அந்த மணலிலிருந்து தூய ஒட்சைட்டுகளைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் நம் நாட்டிலேயே வளர வேண்டும் என்பது எனது நெடுநாள் விருப்பம். ஆனால் அது தனியொரு இரசாயன வேலை. இந்த வில்லைக்கு 99.9 சதவீதத் தூய்மையுள்ள தூள்களையே பயன்படுத்துங்கள்.

நிறுத்தலும் கலத்தலும்

இரு வழிகள் உள்ளன. முதலில் தூள்களை 1,100 முதல் 1,300 பாகையில் சுட்டுப் பெரோவ்ஸ்கைட்டு ஆக்கி, அதை மீண்டும் அரைத்து அமுக்கிச் சுடுவது ஒரு வழி. காபனேற்றையும் ஒட்சைட்டுகளையும் நிக்கல் ஒட்சைட்டோடு கலந்து நேரே அமுக்கி, பெரோவ்ஸ்கைட்டு உருவாவதையும் அது இறுகுவதையும் ஒரே சூட்டில் முடிப்பது மற்றது. திருகோணமலைக்கு இரண்டாவதே உகந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரோவ்ஸ்கைட்டுத் தூளை நுண்மையாக அரைத்தால் அதன் பெரும் மேற்பரப்பு முழுவதும் நமது காற்றின் ஈரத்துக்குத் திறந்துகொடுக்கப்படுகிறது. பேரியம் காபனேற்றும் மற்றைய ஒட்சைட்டுகளும் கலந்த, இன்னும் சுடாத பச்சைக் கலவையோ மாரிக்காற்றிலும் கெடாது. ஈரத்துக்கு அஞ்சும் பொருள் உலைக்குள்தான் பிறக்கிறது, அப்போதே இறுகிய வில்லையாகவும் ஆகிவிடுகிறது.

0.1 மூல், அதாவது சுமார் 29.4 கிராம் பொருளுக்கு, பேரியம் காபனேற்று 19.734 கிராம், சிர்க்கோனியம் ஒட்சைட்டு 4.929 கிராம், சீரியம் ஒட்சைட்டு 6.885 கிராம், யித்திரியம் ஒட்சைட்டு 2.258 கிராம் வேண்டும். இதனோடு 1 சதவீதம் நிக்கல் ஒட்சைட்டு, அதாவது 0.294 கிராம் சேர்க்க வேண்டும். இது சுடும்போது பேரியத்தோடும் யித்திரியத்தோடும் கூடி இடைக்கட்டமொன்றை உண்டாக்கி, மணிகள் ஒன்றையொன்று நெருங்க உதவுகிறது. அதனால் 1,450 பாகையே போதுமாகிறது. கூடச் சேர்த்தால் கூட நன்மை என்று எண்ணி 2, 3 சதவீதம் போடுபவர்களைக் கண்டிருக்கிறேன். நிக்கல் அந்தப் பேரியத்தையும் யித்திரியத்தையும் பளிங்கிலிருந்தே எடுக்கிறது என்பதால், மிகையான நிக்கல் கடத்துதிறனைக் குறைக்கும்.

நிறுப்பதற்கு முன்னர் மூன்று ஒட்சைட்டுகளையும் 900 பாகையில் 4 மணி நேரமும், பேரியம் காபனேற்றை 200 பாகையில் ஓர் இரவும் உலர்த்தி, சிலிக்கா ஜெல் இட்ட உலர்த்திக் கண்ணாடியில் ஆறவிட்டு, ஆறியதும் தாமதமின்றி நிறுங்கள். பேரியம் காபனேற்று 1 சதவீத ஈரத்தோடு இருந்தால் நீங்கள் நிறுத்த பேரியம் 1 சதவீதம் குறைவாகிவிடும். பேரியம் குறைந்த பெரோவ்ஸ்கைட்டில் யித்திரியம் தவறான இடத்தில் போய் அமரும். பேரியம் காபனேற்று நஞ்சு. நீரில் அது கரையாவிட்டாலும் வயிற்றிலுள்ள அமிலத்தில் கரையும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, அந்த மேசையில் தேநீர்க் கோப்பையை வைக்காமல் வேலை செய்யுங்கள்.

சிர்க்கோனியாக் குண்டுகள் இட்ட பிளாத்திக்குப் போத்தலில் தூள்களை ஐசோபுரோப்பைல் அற்ககோலோடு சேர்த்து 24 மணி நேரம் உருட்டுங்கள். குண்டிலிருந்து தேய்ந்து வருவது சிர்க்கோனியமே என்பதால் தீங்கு குறைவு. அலுமினாக் குண்டுகளை வேண்டாம் என்றே சொல்வேன். அதன்பின் கலவையை உலர்த்தும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சீரியம் ஒட்சைட்டின் அடர்த்தி 7.2, பேரியம் காபனேற்றினது 4.3. அற்ககோல் நிறைந்த கிண்ணத்தை அப்படியே இரவு முழுதும் விட்டால், அரிசி களையும்போது கல் அடியில் தங்குவதைப் போலக் கனமானது கீழேயும் இலேசானது மேலேயும் படைபடையாகப் படிந்துவிடும். ஒரு நாள் முழுக்க உருட்டியது வீண். சுவாலை இல்லாத சுடுநீர்த் தொட்டியின்மேல் கிண்ணத்தை வைத்து, கூழ் பதத்துக்கு வந்து கிளறுகோல் கோடு போடும் வரை கிளறிக்கொண்டே இருங்கள். உலர்ந்த கட்டியைக் கல்வத்தில் நொறுக்கி நுண்ணிய அரிதட்டால் அரித்துக்கொள்ளுங்கள்.

அமுக்கலும் சுடுதலும்

தூளில் ஒட்டுப்பொருளாகப் பொலிவைனைல் அற்ககோல் கரைசல் சில துளிகள் விட்டுப் பிசிறி, 13 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்கு அச்சில் சுமார் 1 கிராமை இட்டு, ஏறத்தாழ 150 மெகாபாஸ்கல் அமுக்கம் கொடுங்கள். இந்த அச்சுக்கு அது 2 தொன் சுமை. ஒரு நிமிடம் பிடித்து, மெதுவாகத் தளர்த்துங்கள். சடுதியாகத் தளர்த்தினால் வில்லையின் மேற்பகுதி தொப்பிபோலக் கழன்று வரும். ஒரு தடவையில் எட்டு வில்லைகளாவது செய்துகொள்ளுங்கள்.

உலையைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஆய்வுகூடங்களில் இருக்கும் கம்பிச்சுருள் உலை 1,100 அல்லது 1,200 பாகைக்கு மேல் போகாது. அதில் இந்த வேலை நடவாது. மொலிப்தெனம் இருசிலிசைட்டுச் சூடாக்கிகள் கொண்ட உலை வேண்டும். அலுமினாப் புடக்குகையில் வில்லையை நேரே வைத்தால் பேரியம் அலுமினாவோடு தாக்கமுற்று ஒட்டிக்கொள்ளும். அதோடு 1,400 பாகைக்கு மேல் பேரியம் ஆவியாகியும் போகும். ஆகவே அதே பச்சைக் கலவையில் பேரியம் காபனேற்றை மட்டும் 10 சதவீதம் கூட்டிக் காப்புத் தூளாக்கி, அதைப் புடக்குகையில் மெத்தைபோல் பரப்பி, வில்லைகளை ஒன்றோடொன்று முட்டாமல் கிடத்தி, மேலேயும் அதே தூளால் மூடி, மூடியையும் இடுங்கள். ஆவியாகும் பேரியத்தை அந்தத் தூள் ஈடுசெய்யும். வில்லைக்குள்ளேயே மிகையான பேரியம் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. ஆவியாகாமல் எஞ்சும் பேரியம் பின்னர் ஈரத்தை உறிஞ்சும்.

நிமிடத்துக்கு 3 பாகை வீதம் 600 பாகைக்கு ஏற்றி, ஒட்டுப்பொருள் எரிந்துபோக 1 மணி நேரம் நிறுத்தி, பின்னர் அதே வீதத்தில் 1,450 பாகைக்கு ஏற்றி 6 மணி நேரம் வைத்து, அதே வீதத்தில் இறக்குங்கள். மொத்தம் ஏறத்தாழ 23 மணி நேரம். 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் இந்த 23 மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்றும் இடிமின்னல் காலத்தில் மின் தடைப்படக்கூடும் என்பதால், மின் திரும்பி வந்தவுடன் உலை தானாக முழு வலுவில் ஏறாதபடி கட்டுப்படுத்தியை அமைத்துவையுங்கள். நடுவில் நின்றுவிட்டால் கதவைத் திறக்காமல் அறை வெப்பநிலை வரை ஆறவிட்டு, அந்தத் தொகுதியைத் தனியாகக் குறித்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.

இறங்கும்போதுதான் நமது ஊர்க்காற்று குறுக்கிடுகிறது. 500 பாகைக்குக் கீழே வில்லை நீராவியைத் தாராளமாக உள்வாங்கும். உள்வாங்கும்போது பளிங்கு விரியும். மேற்பரப்பு விரிந்து உட்புறம் விரியாதிருந்தால் வெடிப்பு உண்டாகும். உலைக்குழாய் உள்ளவர்கள் உலர்த்திய காற்றை ஓடவிட்டு ஆற்றலாம். பெட்டி உலை மட்டும் இருந்தால், 150 பாகை அளவில் புடக்குகையை மூடியோடு எடுத்து நேரே உலர்த்திக் கண்ணாடிக்குள் வைத்துவிடுங்கள். மாரிக்காலத்தில் அதை ஓர் இரவு திறந்த உலையில் விடுவது வேண்டாம்.

வில்லை சரியாக வந்ததா?

நல்ல வில்லை 13 மில்லிமீற்றரிலிருந்து ஏறத்தாழ 10.5 மில்லிமீற்றராகச் சுருங்கியிருக்கும். அதை இடுக்கியால் எடுத்து, சுவர் ஓட்டுத் துண்டொன்றின்மேல் ஒரு விரல் உயரத்திலிருந்து விழவிட்டால் ‘கிண்’ என்று மெல்லிய மணியோசை எழும்; இறுகாததும் உள்ளே வெடித்ததும் ‘டொக்’ என்று மந்தமாக ஒலிக்கும். அடுத்து ஒரு துளி ஐசோபுரோப்பைல் அற்ககோலை மேற்பரப்பில் விடுங்கள். அடர்த்தியான வில்லையில் துளி உள்ளே ஊறாமல் மேற்பரப்பிலேயே நின்று உலரும். நுண்துளை உள்ளதில் துளி உள்ளே ஊறி, சில நொடிகளில் மறுபக்கம் கறையாகத் தெரியும். அவ்வழியே ஐதரசனும் கசியும். இவ்விரு சோதனைகளிலும் தேறியதையே விட்டமும் தடிப்பும் அளந்து, நிறுத்து, அடர்த்தி கணியுங்கள். இந்தச் சேர்வையின் முழு அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு சுமார் 6.1 கிராம், அதில் 95 சதவீதத்தை எட்ட முயலுங்கள், 92க்குக் கீழே இருந்தால் மின் அளவீட்டுக்கு எடுக்காதீர்கள்.

எக்ஸ்-கதிர்க் கோணல் வசதி கிடைத்தால் ஒரு வில்லையைப் பொடியாக்கி அனுப்புங்கள். செப்புக் கதிரில் பெரோவ்ஸ்கைட்டின் முதன்மை உச்சி 29.3 பாகைக் கோணத்துக்கு அருகில் வரும். 24 பாகையில் உச்சி தெரிந்தால் பேரியம் காபனேற்று, 28.5இல் தெரிந்தால் சீரியம் ஒட்சைட்டு. முதன்மை உச்சி தோள்பட்டை வைத்ததுபோல் இரண்டாகப் பிரிந்திருந்தால், சிர்க்கோனியம் மிகுந்த பகுதியும் சீரியம் மிகுந்த பகுதியும் தனித்தனியே நிற்கின்றன. கலத்தலில் அல்லது உலர்த்தலில் தவறியிருக்கிறீர்கள்.

கருவி அதிகம் இல்லாதவர்க்கும் இயலும் ஒரு சோதனை உண்டு; இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு மூலுக்கு 0.2 யித்திரியம் என்றால் வெற்றிடம் 0.1, ஆகவே உள்வாங்கக்கூடிய நீர் 0.1 மூல், 1.8 கிராம். 294 கிராமுக்கு 1.8 கிராம் எனில், 1 கிராமுக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம். பொடியாக்கிய 1 கிராமை 900 பாகையில் உலர் நைதரசனில் சூடாக்கி, உலர்வாகவே ஆற்றி, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் நிறுங்கள். பின்னர் நீரினூடாகக் குமிழியிட்ட நைதரசனில் 350 பாகையில் பல மணி நேரம் வைத்து, 150 பாகைக்குக் கீழே உலர் வாயுவுக்கு மாற்றி ஆற்றி, மீண்டும் நிறுங்கள். 5 முதல் 6 மில்லிகிராம் கூடியிருந்தால் நீர் அதற்குரிய இடத்தில் அமர்ந்திருக்கிறது. 2 மில்லிகிராம் மட்டுமே கூடினால் யித்திரியம் பளிங்கினுள் சரியாகச் சேரவில்லை. 6ஐத் தாண்டினால் அது வெற்றிடத்தை நிரப்பிய நீர் ஆகாது. ஐதரொட்சைட்டோ காபனேற்றோ உருவாகிப் பொருள் சிதையத் தொடங்கியிருக்கிறது.

கடத்துதிறனை அளத்தல்

வில்லையின் இரு முகங்களையும் மெருகுத்தாளால் தேய்த்து, வெள்ளிப் பசையைப் பூசி 700 பாகையில் சுட்டு மின்வாய்களாக்குங்கள். அதற்கு மேலும் சூடாக்குவதாயின் பிளாற்றினப் பசை வேண்டும். ஆடலோட்டத் தடங்கலை 10 இலட்சம் ஹேர்ட்ஸ் முதல் 0.1 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களில், 650 பாகையிலிருந்து 200 பாகை வரை இறங்கியபடி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் வாசிப்பு மாறாமல் நிலைக்கும் வரை காத்திருந்து அளவுங்கள். தாழ்ந்த வெப்பநிலையில் தடங்கல் வரைபில் மணியின் உட்பகுதிக்கும் மணியெல்லைக்கும் உரிய அரைவட்டங்கள் பிரிந்து தெரியும். 500 பாகைக்கு மேல் கம்பிகளின் தூண்டல் வரைபை வளைப்பதால், வில்லை இல்லாமல் கம்பிகளைக் குறுக்கிணைத்து எடுத்த வாசிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அளவீட்டின்போது வில்லையைச் சுற்றி ஓடவிடும் ஈரமாக்கிய வாயுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆய்விதழ்களில் வரும் “3 சதவீத நீராவி” என்பது 25 பாகை நீரினூடாகக் குமிழியிட்டதைக் குறிக்கும். நமது அறையில் நீர் 30 பாகையில் இருந்தால் அது 4.2 சதவீதமாகும். குமிழிப் போத்தல் வெளியறையிலும் அளவீடு 24 பாகைக் குளிரூட்டிய அறையிலும் இருந்தால், குழாயில் நீர் துளிர்த்துச் சொட்டும். நீராவி அளவு உங்கள் கையை விட்டுப் போய்விடும். போத்தலை அறையின் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழான நீர்த்தொட்டியில் வைத்து, அந்த வெப்பநிலையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நைதரசனே இதற்குப் போதும். ஐதரசன் வேண்டியபோது 4 அல்லது 5 சதவீதக் கலவை உருளையைப் பயன்படுத்துங்கள், தூய ஐதரசனை மாணவர் கையில் கொடுக்காதீர்கள்.

கணக்கு எளிது: தடிப்பைத் தடையாலும் பரப்பாலும் வகுக்க வேண்டும். 0.12 சென்ரிமீற்றர் தடிப்பும் 1.05 சென்ரிமீற்றர் விட்டமும் உள்ள வில்லை 600 பாகையில் 14 ஓம் காட்டினால், பரப்பு 0.866 சதுர சென்ரிமீற்றர் என்பதால் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 0.01 சீமென்ஸ் வரும். இது நல்ல வில்லை. இதே பொருளை 20 மைக்ரோமீற்றர் படலமாக்கினால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.2 ஓம் தடைதான் இருக்கும்.

கடத்துவது புரோத்தன்தானா என்பதை மூன்று வழிகளில் உறுதிசெய்யலாம். 500 பாகையில் உலர் வாயுவிலிருந்து ஈர வாயுவுக்கு மாற்றும்போது கடத்துதிறன் தெளிவாக உயர வேண்டும். வெப்பநிலையோடு வரையும் கோட்டின் சாய்விலிருந்து பெறும் ஏவற்சக்தி 0.4–0.5 இலத்திரன்வோல்ற்று அளவில் இருக்க வேண்டும்; 0.8ஐ நெருங்கினால் ஒட்சைட்டு அயனோ மணியெல்லையோதான் பேசுகிறது. கனநீர் கிடைத்தால் குமிழிப் போத்தலில் அதை இட்டு மீண்டும் அளவுங்கள். தியூத்திரன் புரோத்தனைவிட இரு மடங்கு கனமானது என்பதால் கடத்துதிறன் குறைய வேண்டும். நைதரசனுக்குப் பதிலாகக் காற்றில் அளந்து, 650 பாகைக்கு மேல் கடத்துதிறன் எதிர்பார்த்ததைவிடக் கூடினால் மகிழ வேண்டாம்: நீர் வெளியேறிய பளிங்கில் ஒட்சிசன் உண்டாக்கும் நேர்த்துளைகளின் (இலத்திரன் குறைந்த இடங்களின்) இலத்திரன் கடத்தல் அது. கலமாகக் கட்டும்போது அதுவே திறந்த சுற்று வோல்ற்றளவை 1.1 வோல்ற்றுக்கு அருகிலிருந்து கீழே இழுக்கும்.

அளந்து முடிந்த வில்லைகளை உலர் வாயுவில் ஆற்றி, திருகுமூடியுள்ள கண்ணாடிக் குப்பியில், ஈரம் பட்டால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை இன்னும் நிறம் மாறாத நிலையில் இட்டு வைத்து, சேர்வை, சுட்ட திகதி, திணிவு ஆகியவற்றைக் குப்பியின்மேல் எழுதுங்கள். ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒரு முறை சிலிக்கா ஜெல்லைப் பார்த்து, நிறம் மாறியிருந்தால் 120 பாகையில் உலர்த்தித் திரும்ப இடுங்கள். மாதம் ஒரு தடவை வில்லையை நிறுத்து அதே குப்பியில் எழுதுங்கள். திணிவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் அந்த வில்லையின் புதிய அளவீடுகளைப் பழையவற்றோடு சேர்க்காதீர்கள்.